சின்ன நெகட்டிவ், பெரிய பிரின்ட்: கேள்வி பதில்

35 எம்.எம். ஃபிலிமில் எடுத்த படத்தைச் சுவரில் மாட்டும் அளவுக்குப் பெரிதாக்குவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். டார்க் ரூமிலும் அப்புறம் ஸ்கேனரிலும் பிரின்ட் போட்டுப் பழகியவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

ஐயா, 8×12-க்கு மேல் போனால் படம் உடைந்துவிடும் என்கிறார் எங்கள் ஊர் ஸ்டுடியோக்காரர். உண்மையா? (தஞ்சாவூர்)

கையில் பிடித்துப் பார்க்கிற பிரின்ட் என்றால் அவர் சொல்வது சரி. சுவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. நெகட்டிவின் அளவு 24×36 மி.மீ. 8×12 அங்குலத்துக்கு அதை எட்டரை மடங்கு பெரிதாக்குகிறோம், 20×30-க்கு 21 மடங்கு. ஃபிலிம் ஓடிய காலத்துத் தியேட்டரை நினைத்துப் பாருங்கள். புரொஜெக்டரில் ஓடிய ஃப்ரேமின் அகலம் ஏறக்குறைய 21 மி.மீ.தான், நம் நெகட்டிவை விடச் சின்னது. அதை 40 அடித் திரையில் போட்டால் 580 மடங்கு! யாரும் எழுந்து போகவில்லை. நாம் திரையிலிருந்து தள்ளி உட்கார்ந்திருந்தோம். போதாததற்கு வினாடிக்கு 24 ஃப்ரேம் ஓடியதில் கிரெயின், அதாவது ஃபிலிமின் பொடித் துகள், கண்ணுக்கு நிற்கவில்லை. அசையாத படத்துக்கு இரண்டாவது சலுகை கிடையாது, முதலாவது உண்டு. 20×30-ஐ நான்கடி தள்ளி நின்று பார்க்கும்படி மாட்டுங்கள்.

இந்த 24×36 பிறந்ததே பெரிதாக்குவதை நம்பித்தான். ஜெர்மனியின் வெட்ஸ்லரில் லைட்ஸ் கம்பெனியில் இருந்த ஆஸ்கர் பார்னாக், சினிமா ஃபிலிமைப் படுக்கைவாட்டில் ஓடவிட்டு, 18×24 ஃப்ரேம் இரண்டைச் சேர்த்து ஒன்றாக்கினார். 1925-ல் லைக்கா விற்பனைக்கு வந்தது. அந்த அளவு நெகட்டிவை அப்படியே தாளில் ஒற்றி எடுத்தால் தபால் தலை மாதிரிதான் இருக்கும். நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் விழச் செய்யும் என்லார்ஜர் இல்லாமல் அதற்கு வாழ்வில்லை.

கிரெயின்தானே எதிரி? எந்த ஃபிலிம் வாங்கலாம் அண்ணா? (கோவை)

எதிரி கிரெயின் இல்லை தம்பி, கலங்கல். கிரெயின் மூலைக்கு மூலை கூர்மையாக விழுந்திருந்தால் கண் அதை ஏற்றுக்கொள்ளும். பிரேசில் புகைப்படக்காரர் செபஸ்தியாவோ சல்காடோ 35 எம்.எம். கருப்பு வெள்ளை ஃபிலிமில் எடுத்த சுரங்கத் தொழிலாளர் படங்கள் கிரெயினோடுதான் கண்காட்சிச் சுவர்களில் நின்றன. பிற்பாடு டிஜிட்டலுக்கு மாறியபோது, டிஜிட்டலில் எடுத்த படங்களில் ஃபிலிம் கிரெயினைச் சேர்த்து, 4×5 அங்குல நெகட்டிவாக எழுதி, அதிலிருந்து பிரின்ட் போட வைத்தார் அந்த மனிதர்!

வாங்குவதானால் வேகம் (ஒளியை உணரும் திறன்) குறைந்தது: கருப்பு வெள்ளையில் டி-மேக்ஸ் 100 அல்லது டெல்டா 100, கலரில் எக்டார் 100. ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். கலர் நெகட்டிவுக்கு அரை ஸ்டாப், ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு) வெளிச்சம் கூடுதலாகக் கொடுத்தால் கிரெயின் குறையும். கருப்பு வெள்ளைக்கு அதே வேலையைச் செய்தால் கூடும்.

லென்ஸில் இருக்கும் தூரக் கோடுகளைப் பார்த்துத்தான் ஃபோகஸ் வைத்தேன். சின்னப் பிரின்டில் பின்னால் இருந்த கோபுரம் நன்றாக இருந்தது, 16×24-ல் மங்கிவிட்டது. லென்ஸ் கோளாறா சார்? (திருநெல்வேலி)

லென்ஸ் பாவம். எந்தத் தூரத்திலிருந்து எதுவரை கூர்மையாக விழும் என்று காட்டும் அந்தக் கோடுகளைப் போட்டவர்கள், நெகட்டிவில் 0.03 மி.மீ. வரை பரவிய புள்ளியும் கூர்மைதான் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். சின்னப் பிரின்டுக்கு அது போதும். 20×30-க்கு 21 மடங்கு பெரிதாக்கினால் அதே புள்ளி தாளில் 0.6 மி.மீ. ஆகிவிடும், பக்கத்தில் போனால் கண்ணில் படும். கண்காட்சிக்கு வருகிறவர்கள் நாம் சொன்ன இடத்தில் நிற்பதில்லை, மூக்கு உரசும் வரை போவார்கள். அதனால் லென்ஸ் துளையை எஃப்/11-ல் வைத்து எடுக்கும்போது எஃப்/5.6-க்கான கோடுகளைப் பார்த்து ஃபோகஸ் வையுங்கள். பயம் தெளிய வேண்டும் என்று எஃப்/22-க்குப் போகாதீர்கள். துளை அவ்வளவு சுருங்கினால் ஒளியே சிதறி மொத்தப் படமும் மெத்தென்று ஆகிவிடும். 5.6, 8, 11, இதற்குள் இருங்கள்.

கை நடுக்கமும் இதே கணக்குதான். 50 எம்.எம். லென்ஸுக்கு 1/60 வினாடி போதும் என்ற பழைய வாய்ப்பாடு ஆல்பம் பிரின்டுக்கானது. சுவருக்கு எடுக்கிறீர்கள் என்றால் 1/250, இல்லையென்றால் ட்ரைபாடும், கேமராவைத் தொடாமல் பட்டனை அழுத்த உதவும் கேபிள் ரிலீஸும். உள்ளே இருக்கும் பிம்பக் கண்ணாடியை முன்கூட்டியே தூக்கி வைக்கும் வசதி கேமராவில் இருந்தால் அதையும் பயன்படுத்துங்கள். புது லென்ஸுக்குப் பணம் சேர்க்கிறவர்கள் முதலில் ஒரு கனமான ட்ரைபாட் வாங்கலாம் என்பது என் கட்சி.

என் என்லார்ஜரில் 12×16 வரை நன்றாக வருகிறது. 20×30 போட்டால் நடுப்பகுதி மங்கல், ஓரம் கூர்மை. எங்கே தப்பு? (சென்னை)

பெரும்பாலும் நெகட்டிவ் குதிக்கிறது. விளக்குச் சூட்டில் ஃபிலிம் மெல்ல உப்பி, நடுப்பகுதி ஃபோகஸை விட்டு நகர்ந்துவிடும். சின்னப் பிரின்டில் வெளிச்சம் காட்டுவது பத்து வினாடி, அதற்குள் வேலை முடிந்துவிடும். பெரியதில் நேரம் எகிறும். எட்டரை மடங்குக்கு 10 வினாடி என்றால் 21 மடங்குக்கு ஏறக்குறைய 55 வினாடி. மடங்கோடு ஒன்றைக் கூட்டி வர்க்கம் எடுத்து, ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் இது வரும்.

நெகட்டிவைக் கண்ணாடிகளுக்கு நடுவில் வைக்கும் கேரியர் போடுங்கள். மேல் கண்ணாடி சொரசொரப்பானதாக இருக்கட்டும், வழவழப்பானது வானவில் வளையம் போடும். நான்கு முகம் கண்ணாடி, இரண்டு முகம் ஃபிலிம் என்று தூசிக்கு ஆறு இடம் கிடைத்துவிடும்; புளோயரும் பொறுமையும் வேண்டும். விளக்கை ஒரு நிமிடம் எரியவிட்டு, ஃபிலிம் சூடான பிறகு ஃபோகஸ் வையுங்கள். படத்தைப் பார்த்து வைக்காதீர்கள், கிரெயின் ஃபோகஸர் என்ற உருப்பெருக்கி வழியே கிரெயினைப் பார்த்து வையுங்கள். என்லார்ஜர் லென்ஸ் எஃப்/2.8 என்றால் 5.6-ல் நிறுத்துங்கள். நடுவில் சரி, ஒரு பக்க ஓரம் மட்டும் மங்கல் என்றால் அது வேறு நோய்: நெகட்டிவ், லென்ஸ், தாள் வைக்கும் பலகை மூன்றும் ஒரே மட்டத்தில் இல்லை.

பலகைக்கு மேல் இடம் போதாவிட்டால் என்லார்ஜரின் தலையைத் திருப்பித் தரையில் விழச் செய்யலாம். அடித்தட்டில் கனமாக எதையாவது ஏற்றி வைக்க மறந்துவிடாதீர்கள், மொத்தமும் கவிழும். அவ்வளவு பெரிய ட்ரேக்கு எங்கே போவது என்பீர்கள். அகலமான பி.வி.சி. பைப்பை நெடுக்காகப் பிளந்து, இரு முனையையும் அடைத்தால் தொட்டி தயார். தாளை முதலில் தண்ணீரில் நனைத்து, சுருட்டியும் விரித்தும் டெவலப்பரில் ஓட்டுங்கள்.

டார்க் ரூம் கிடையாது. ஸ்கேன் செய்தால் எவ்வளவு தூரம் போகலாம்? (யாழ்ப்பாணம்)

4000 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 4000 புள்ளி) நல்ல ஃபிலிம் ஸ்கேனர் 5669×3780 பிக்சல் தரும். 30 அங்குலத்துக்கு விரித்தால் அங்குலத்துக்கு 189 பிக்சல், மூன்றடி தள்ளிப் பார்க்கத் தாராளம். பிளாட்பெட், அதாவது தாளைப் பரப்பி வைக்கும் தட்டை ஸ்கேனரின் பெட்டியில் 6400 என்று அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டாம். நல்ல மாடலே உண்மையில் பிரித்துக் காட்டுவது 2300 சுமாருக்குத்தான். கையில் பிடித்துப் பார்க்கிற பிரின்ட் என்றால் 11 அங்குலத்துக்கு மேல் அதில் போகாதீர்கள்.

மாக்ரோ லென்ஸ் மாட்டிய 24 மெகாபிக்சல் கேமராவில் நெகட்டிவையே படம் எடுப்பது இப்போது சுலபமான வழி. நெகட்டிவ் இருக்கும் இடத்தில் முகம் பார்க்கும் கண்ணாடி சின்னதாக ஒன்றை வைத்து, லென்ஸின் பிம்பம் வியூஃபைண்டரின் நட்டநடுவில் தெரியும் வரை கேமராவைச் சரிசெய்யுங்கள். மட்டம் பார்க்க அதைவிடக் கருவி வேண்டாம்.

அம்மா அப்பா கல்யாண நெகட்டிவ், 1984. பூஞ்சை பிடித்திருக்கிறது. தண்ணீரில் கழுவலாமா சார்? (மதுரை)

வேண்டவே வேண்டாம்மா! பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரையும், படமும் அதோடு போகும். தண்ணீர் கலக்காத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு, முதலில் ஓரத்தில் சோதித்துப் பாருங்கள். அதற்கும் முன்னால் இருக்கிற நிலையிலேயே ஒரு ஸ்கேன் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கலர் நெகட்டிவ் என்றால் ஸ்கேனரின் இன்ஃப்ராரெட் வசதி தூசியையும் கீறலையும் பெருமளவு மறைத்துவிடும். கருப்பு வெள்ளையில் அதை அணைத்து வையுங்கள், வெள்ளித் துகளையே தூசி என்று எண்ணி அழித்துவிடும்.

ஏ.ஐ. போட்டுப் பெரிதாக்கலாமா?

தெருப் படத்துக்குப் போடுங்கள், பாதகமில்லை. தாத்தா முகத்துக்குப் போட்டால் கிரெயின் இருந்த இடத்தில் அவருக்கு இல்லாத இமைமுடி முளைக்கும்.

கடையில் பெரிய பிரின்ட் கொடுத்து ஏமாந்தால் பணம் போச்சே. முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா? (சேலம்)

உண்டு. 20×30 ஃபைலை முழு அளவிலேயே வைத்துக்கொண்டு, முகமோ கண்ணோ வரும் இடத்தை மட்டும் ஏ4 துண்டாக வெட்டி, எந்தத் தாளில் போடப் போகிறீர்களோ அதே தாளில் பிரின்ட் எடுங்கள். மாட்டப் போகும் சுவரில் ஒட்டிவிட்டு சோபாவில் உட்கார்ந்து பாருங்கள். கூர்மையாக்கியது போதாது என்று தோன்றினால் கொஞ்சம் ஏற்றலாம். திரையில் சற்று முரட்டுத்தனமாகத் தெரிகிற அளவுதான் மேட் (பளபளப்பில்லாத) தாளில் சரியாக வரும். டார்க் ரூம்காரர்களும் இப்படியே, முழுத் தாளுக்கு முன் முகத்தில் ஒரு துண்டு போட்டுப் பாருங்கள். பெரிதாக்கும்போது கான்ட்ராஸ்ட் கொஞ்சம் இறங்கும், தாளின் கான்ட்ராஸ்ட் கிரேடில் அரை கூட்ட வேண்டியிருக்கும்.