அரை சதவீத வட்டிக்காக வங்கியை மாற்றலாமா?

வாசகி ஒருவரின் கேள்வி இது. அட்டைப் பெட்டி செய்யும் சிறு பட்டறை நடத்துகிறார். 11 வருடமாக ஒரே வங்கிதான். ஓவர்டிராஃப்ட் லிமிட், அதாவது கணக்கில் இருப்பதற்கு மேல் கடனாக எடுத்துக்கொள்ளும் வரம்பு, 20 லட்சம். சமீபத்தில் பெரிய வாடிக்கையாளர் ஒருவர் கிடைத்திருக்கிறார், ஆனால் அவர் மெதுவாகத்தான் பணம் தருகிறார். வேலைக்கு வெட்டும் எந்திரம் ஒன்றும் தேவைப்படுகிறது. லிமிட்டை 30 லட்சமாக்கக் கேட்டு 3 மாதம் ஆகிறது. முடியும் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. பழகிய மேலாளர் மாற்றலாகிப் போய்விட்டார். இதற்கிடையில் இன்னொரு வங்கி, 1 சதவீதம் பிராசஸிங் கட்டணம், அரை சதவீதம் குறைந்த வட்டி என்று 30 லட்சம் தர முன்வந்திருக்கிறது. "மாறிவிடலாமா? ஒரு வங்கியிடம் நான் என்னதான் எதிர்பார்க்கலாம்?" என்று கேட்கிறார்.

முதலில் வட்டிக் கணக்கைப் பார்த்துவிடுவோம், அது எளிது. 30 லட்சத்தையும் வருடம் முழுக்க எடுத்து வைத்திருந்தாலும் அரை சதவீதத்தில் மிச்சமாவது 15,000. பிராசஸிங் கட்டணம் 30,000. அதாவது முதல் 2 வருட மிச்சம் கட்டணத்துக்கே சரியாகப் போகும். சொத்து மதிப்பீடு, வக்கீல் பார்வை, பழைய வங்கியிலிருந்து பத்திரத்தை மீட்டுப் புதிய இடத்தில் ஈடு வைப்பது எல்லாம் தனிச் செலவு. லிமிட்டைப் புதுப்பிக்கும்போதெல்லாம் கட்டணம் உண்டா என்றும் கேளுங்கள். உண்டென்றால் வட்டி குறைந்ததில் உங்களுக்கு லாபமே இல்லை. ஆகவே வட்டிக்காக மாறுவது என்ற யோசனையை இப்போதைக்கு ஒதுக்கி வைக்கலாம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்களை வாட்டுவது வட்டி இல்லை. 3 மாதமாகப் பதில் இல்லாததும், உங்கள் தொழிலை அறிந்த ஒருவர் அங்கே இல்லாமல் போனதும்தான். சிறுதொழில் செய்பவர்கள் வங்கியிடம் எதிர்பார்ப்பதில் முதல் இடம் இதற்குத்தான் என்பது என் உறுதியான எண்ணம். பணம் கிடைக்குமா கிடைக்காதா என்பது குறித்த நாளுக்குள் தெரிய வேண்டும். கிடைக்காது என்றால் காரணம் தெரிய வேண்டும். 'முடியாது' என்று 10 நாளில் சொல்லும் வங்கி, 'பார்க்கலாம்' என்று 3 மாதம் இழுக்கும் வங்கியைவிட எவ்வளவோ மேல். மறுப்பு வந்தால் வேறு வழி தேடலாம். இழுத்தடிப்பில் ஆர்டரும் போகும், மூலப்பொருள் கொடுப்பவரிடம் உள்ள பேரும் போகும்.

பலர் செய்யும் ஒரு காரியத்தை நீங்களும் செய்திருக்கிறீர்கள்: "வேண்டுமானால் வட்டி கொஞ்சம் கூடப் போட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்லிப் பார்த்திருக்கிறீர்கள். அது ஏன் எடுபடவில்லை என்று தெரிந்துகொள்வது நல்லது. ஜோசப் ஸ்டிக்லிட்ஸ், ஆண்ட்ரூ வைஸ் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 1981-இல் இதை விளக்கிக் காட்டினார்கள். வட்டியை ஏற்றிக்கொண்டே போனால் நிதானமாகக் கணக்குப் பார்க்கிறவர்கள் விலகிவிடுவார்கள். எப்படியும் பணம் வேண்டும், திருப்பித் தருவதை அப்புறம் பார்க்கலாம் என்பவர்களே மிஞ்சுவார்கள். அதனால் வங்கி ஓரளவுக்கு மேல் வட்டியை ஏற்றாது. கடன் தருவதை நிறுத்திக்கொள்ளும். கூடுதல் வட்டிக்குச் சம்மதம் என்று நீங்கள் சொல்வது, கடன் அதிகாரியின் காதில் 'எனக்கு நெருக்கடி' என்றுதான் விழும்.

சரி, அவர் காதில் வேறு என்ன விழ வேண்டும்? உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். மூலப்பொருள் வந்ததிலிருந்து பெட்டியாகி வெளியே போகும்வரை 45 நாள் என்கிறீர்கள். பெட்டியை அனுப்பியபின் பணம் வர முன்பு சராசரியாக 45 நாள், இப்போது 60 நாள். உங்களுக்குச் சரக்கு தருபவர் 30 நாள் கடன் தருகிறார். முன்பு 45-ம் 45-ம் சேர்ந்து 90, அதில் 30 போக, 60 நாள் செலவை நீங்கள் தாங்கினீர்கள். இப்போது 75 நாள். அன்றாடச் செலவு 30,000 என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் முன்பு தொழிலுக்குள் முடங்கிக் கிடந்த பணம் 18 லட்சம், இப்போது 22.5 லட்சம். கூலியைக் கடன் சொல்ல முடியாது என்பதால் உண்மையில் இன்னும் கொஞ்சம் கூடும், ஆனால் கணக்கு இதையொட்டித்தான் வரும்.

இப்போது தெரிகிறதா? வாடிக்கையாளர் தாமதத்தால் உங்களுக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது 4.5 லட்சம், தாராளமாக வைத்தால் 5 லட்சம். நீங்கள் கேட்டதோ 10. மீதி 5 வெட்டும் எந்திரத்துக்கு. அதை உங்கள் விண்ணப்பத்தில் தனியாகச் சொல்லவில்லை. வங்கிக்காரர் பார்வையில், திடீரென்று ஒன்றரை மடங்கு லிமிட் கேட்கும் ஒருவராக நீங்கள் தெரிகிறீர்கள்.

எந்திரத்தை ஓவர்டிராஃப்டில் வாங்கவே கூடாது. இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் நல்ல தொழில்கள் மூச்சுத் திணறுவது இந்த இடத்தில்தான். ஓவர்டிராஃப்ட் என்பது சரக்கு வாங்கி, விற்று, பணம் வந்ததும் அடைத்து, மறுபடி எடுப்பதற்கானது. பெரும்பாலான ஒப்பந்தங்களில், வங்கி கேட்டதும் திருப்பித் தர வேண்டிய கடன் அது. எந்திரமோ பல வருடம் உழைத்துத்தான் தன் விலையைத் திருப்பித் தரும். கேட்டதும் தர வேண்டிய பணத்தை அதில் போட்டால், லிமிட்டின் அந்தப் பகுதி எப்போதும் அடையாமல் அப்படியே நின்றுவிடும். உங்கள் கணக்கு ஒரு வருடமாக 19, 20 என்று முட்டிக்கொண்டே நிற்கிறது என்றீர்கள். கடன் பிரிவில் உட்கார்ந்திருப்பவர் ஸ்டேட்மெண்டில் முதலில் தேடுவது இதைத்தான். நிலுவை மேலும் கீழும் ஏறி இறங்குகிறதா, மாதத்தில் சில நாளாவது நன்றாகக் குறைகிறதா? இறங்காமல் நிற்கும் ஓவர்டிராஃப்ட், நஷ்டத்தை வங்கிப் பணத்தில் ஓட்டுகிறார்கள் என்ற சந்தேகத்தைக் கிளப்பும், உண்மை வேறாக இருந்தாலும்.

ஆகவே கோரிக்கையை இரண்டாகப் பிரியுங்கள். லிமிட்டில் 5 லட்சம் கூடுதல், காரணம் மேலே போட்ட நாள் கணக்கு. எந்திரத்துக்கு 5 லட்சம் தவணைக் கடன், எந்திரமே ஈடு. தவணைக் கடனுக்கு அவர்கள் பார்ப்பது, செலவெல்லாம் போக வருடத்தில் கையில் நிற்கும் பணம் அந்த வருடத் தவணையையும் வட்டியையும் போல எத்தனை மடங்கு என்பது. 1.25 மடங்காவது இருக்க வேண்டும் என்பது பல வங்கிகளில் வழக்கம். 2 லட்சம் கட்ட வேண்டுமென்றால் இரண்டரை லட்சம் நிற்க வேண்டும். இதில் பழைய கடன்களின் தவணையும் சேர்த்தி என்பதை மறந்துவிடாதீர்கள்.

அந்தப் பெரிய வாடிக்கையாளரைப் பற்றியும் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். மொத்த விற்பனையில் அவர் பங்கு எவ்வளவு, அவர் போய்விட்டால் பட்டறை எத்தனை மாதம் தாங்கும் என்பதை எழுதிக் கொடுங்கள். இந்தக் கேள்வி எப்படியும் வரும். அவர்களே கண்டுபிடித்துக் கேட்டால் மறைத்ததுபோல் ஆகிவிடும்.

மேலாளர் மாறிப்போனதற்கு வருவோம். உங்களைப் பற்றி அவருக்குத் தெரிந்தவை பல: சொன்ன தேதியில் கட்டுவீர்கள், ஆட்களுக்குச் சம்பளம் தள்ளிப் போடமாட்டீர்கள், நெருக்கடி வந்தபோது சொந்த நகையை வைத்துச் சமாளித்தீர்கள். இதெல்லாம் எந்த விண்ணப்பப் படிவத்திலும் கட்டம் போட்டுக் கேட்கப்படுவதில்லை. பொருளாதார அறிஞர் ஜெரமி ஸ்டெய்ன் 2002-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்று இதைப் பற்றியதுதான். முடிவெடுப்பவர் பல அடுக்கு மேலே இருக்கும் பெரிய அமைப்புகளில், எண்ணாக எழுதி மேலே அனுப்ப முடியாத தகவலுக்கு மதிப்புக் குறைந்துவிடுகிறது. உங்களைச் சந்திக்கும் கிளை அதிகாரி வேறு, லிமிட்டை முடிவு செய்பவர் வேறு. அந்த இரண்டாமவர் உங்கள் பட்டறை வாசலைக்கூட மிதித்திருக்க மாட்டார்.

இதற்கு ஒரே வழி, தெரிந்ததையெல்லாம் கோப்புக்குள் ஏற்றுவது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பக்கக் குறிப்பு அனுப்புங்கள், கடன் எதுவும் கேட்காமல். விற்பனை எவ்வளவு, வர வேண்டிய பாக்கி எவ்வளவு, அதில் 60 நாளைத் தாண்டியது எவ்வளவு, கையிருப்பு, வரப்போகும் ஆர்டர். ஒரு மாதம் மோசமாகப் போயிருந்தால் அதையும் எழுதுங்கள், ஏன் என்பதோடு. ஓராண்டு இப்படிச் செய்தால், எந்த மேலாளர் வந்தாலும் திறந்தவுடன் உங்கள் வரலாறு அவர் கையில் இருக்கும். அவசரத்துக்குப் போய் நிற்கும் நாளில் முதல் முறையாகக் கணக்கைக் காட்டுவதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

பழைய வங்கியோடு உள்ள உறவுக்கு உண்மையில் விலை உண்டா என்பது நியாயமான கேள்வி. பின்னாளில் இந்திய ரிசர்வ் வங்கியின் ஆளுநராக இருந்த ரகுராம் ராஜன், மிட்செல் பீட்டர்சனோடு சேர்ந்து 1994-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் அலசியது. அமெரிக்கச் சிறு நிறுவனங்களின் தகவல்களை வைத்துச் செய்தது. வங்கியோடு நெருங்கிய உறவு இருந்தால் வட்டி பெரிதாகக் குறைந்துவிடவில்லை, ஆனால் கடன் கிடைப்பது எளிதானது. பல இடங்களில் கடன் வாங்கியவர்களுக்கு வட்டியும் கூடியது, கிடைப்பதும் குறைந்தது. உங்கள் 11 வருடம் வீணில்லை என்று இதை வைத்துச் சொல்வேன். அதே சமயம், உங்களை அறிந்த ஒரு ஆளும் இல்லாமல், கோப்பிலும் எதுவும் இல்லாமல் இருந்தால் அது வெறும் 11 வருடக் கணக்கு எண்தான்.

கடனை ஒரே இடத்தில் வைத்தாலும், வரவு செலவுக்கு இரண்டாவது வங்கியில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருப்பது நல்லது. 2023 மார்ச் 10, வெள்ளிக்கிழமை அமெரிக்காவின் சிலிகான் வேலி வங்கி மூடப்பட்டபோது, மொத்தப் பணத்தையும் அங்கேயே வைத்திருந்த நிறுவனங்கள் சம்பளம் போட வழியில்லாமல் அந்த வார இறுதியைக் கழித்தன. திங்கட்கிழமை பணம் கிடைத்துவிட்டது என்றாலும், வங்கி மூழ்காமலேகூட இதே நிலை வரலாம். சந்தேகப் பரிவர்த்தனை என்று கணினி உங்கள் கணக்கை முடக்கினால் அன்று யாரைக் கூப்பிடுவது? அந்த எண்ணை இன்றே கேட்டு வாங்கி வையுங்கள்.

புதிய வங்கியின் சாங்ஷன் (கடன் ஒப்புதல்) கடிதம் கைக்கு வந்திருக்கிறது என்றால், வட்டி விகிதம் இருக்கும் வரியை விட்டுவிட்டு மற்றதைப் படியுங்கள். முக்கியமாக உங்கள் சொந்த ஜாமீன். அது எவ்வளவு தொகைக்கு? 'இப்போதும் இனிமேலும் வரும் எல்லாக் கடனுக்கும்' என்று இருந்தால், இந்த 30 லட்சத்துக்கு மட்டும் என்று எல்லை போடச் சொல்லுங்கள். பலர் கேட்பதே இல்லை. கேட்டால் சில வங்கிகள் ஒத்துக்கொள்ளும். வீட்டுப் பத்திரம் கேட்கிறார்களா, கடன் பாதி அடைந்தால் அதை விடுவிப்பார்களா என்றும் கேளுங்கள். முன்கூட்டி அடைத்தால் அபராதம் எவ்வளவு, வட்டி எதையொட்டி எப்போது மாறும், எந்த நிபந்தனை தவறினால் லிமிட்டை நிறுத்துவார்கள் என்பவை அப்புறம். பதில்கள் எழுத்தில் வர வேண்டும்.

இனி செய்ய வேண்டியது. பிரித்து எழுதிய கோரிக்கையோடு உங்கள் வங்கியில் புதிய மேலாளரிடம் நேரம் கேட்டு வாங்குங்கள். முடிந்தால் பட்டறைக்கே அழையுங்கள். அரை மணி நேரம் நின்று பார்த்தவருக்குக் கணக்கு வேறுமாதிரி புரியும். அவரிடம் மூன்றைக் கேளுங்கள்: இந்தத் தொகையை முடிவு செய்பவர் யார், என் கோப்பில் இன்னும் என்ன குறைகிறது, எந்தத் தேதிக்குள் பதில் வரும். மறுப்பதாக இருந்தால் எந்த எண் மாறினால் ஒத்துக்கொள்வார்கள் என்பதையும் கேளுங்கள். பேசியதை அன்றே சுருக்கமாக மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்.

அந்தத் தேதியும் தாண்டி மௌனம்தான் என்றால் தயங்காமல் மாறுங்கள். அதே தாள்களைப் புதிய வங்கியில் கொடுத்து, 30 லட்சமும் ஒரே லிமிட்டாக இல்லாமல் 25 லட்சம் லிமிட், 5 லட்சம் தவணைக் கடன் என்று மாற்றித் தரச் சொல்லுங்கள். உங்களைப் பார்க்கப்போகும் அதிகாரி யார், அவர் எவ்வளவு நாளாக அந்தப் பொறுப்பில் இருக்கிறார் என்பதையும் விசாரியுங்கள். பழைய கடனை அடைக்கும் பணத்தைப் புதிய வங்கி நேரடியாகப் பழைய வங்கிக்கே அனுப்பட்டும். பாக்கி இல்லை என்ற கடிதமும், பத்திரத்தை என்று திருப்பித் தருவார்கள் என்ற உறுதியும் எழுத்தில் வாங்குங்கள். பழைய கணக்கை உடனே மூடாதீர்கள்: வாடிக்கையாளர்கள் எல்லோரும் புதிய எண்ணுக்குப் பணம் போடத் தொடங்கி, அந்தக் கணக்கிலிருந்து ஏற்கெனவே கொடுத்த செக்குகள் எல்லாம் கழிந்தபின் மூடினால் போதும்.