பேரனுக்கு மூணு சக்கர சைக்கிள்: மாடியில் கிடப்பதா, புதியதா?

கேள்வி: தேவகோட்டையில் எங்கள் பூர்வீக வீட்டில் இருக்கிறேன். மகன் வயிற்றுப் பேரனுக்கு இரண்டே முக்கால் வயது. போன தடவை வாங்கிக் கொடுத்த வண்டியில் சில மாதத்திலேயே கைப்பிடி ஆடி, பின்சக்கரமும் கழன்றுவிட்டது. இந்தத் தடவை நன்றாக உழைக்கிற வண்டியாக வேண்டும். மாடி அறையில் அவன் ஐயா (தாத்தா) சின்ன வயதில் ஓட்டிய இரும்பு மூணு சக்கர சைக்கிள் கிடக்கிறது. அதற்கே பெயின்ட் அடித்துக் கொடுக்கலாமா? புதிது என்றால் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: ஆச்சி, அந்தப் பழைய வண்டியைப் பேரன் கையில் கொடுக்க வேண்டாம். இரும்பு இன்னும் கெட்டியாகவே இருக்கும், சிக்கல் அதன் மேலிருக்கும் பெயின்டில். அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் கலப்பது சகஜம். வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று நம் நாட்டில் விதி வந்ததே 2016இல்தான்; அது நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். பெயின்ட் உரிந்த கைப்பிடியைப் பிடித்த கை அடுத்த நிமிடம் வாய்க்குப் போகும் வயது இது. வளரும் மூளையை ஈயம் பாதிக்கும், இவ்வளவு வரை பரவாயில்லை என்று அதற்கு ஓர் அளவே கிடையாது. மேலே புதுப் பூச்சு அடித்தாலும் நாலு இடி வாங்கியதும் அடிப் பூச்சு வெளியே வந்துவிடும். உப்புத்தாள் போட்டுச் சுரண்டுவது அதைவிட மோசம், தூள் வீடெங்கும் படியும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் ஆசையாக வாங்கிவரும் வண்டிகளுக்கும் இதேதான். ஐயா நினைவாகக் கண்ணாடி பீரோ மேலே எட்டாத உயரத்தில் வையுங்கள், அழகாக இருக்கும்.

சரி, புதியதற்கு வருவோம். தூக்கிப் பார்த்துக் கனமாக இருந்தால் உழைக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். பழுதுபார்க்கப் பட்டறைக்கு வருகிற வண்டிகளைப் பார்த்தால் அது சரியில்லை என்று தெரியும். குழாய் நடுவில் ஒடிந்து வந்த வண்டி அபூர்வம். கெட்டுப்போவதெல்லாம் இணைப்புகள்: கைப்பிடி முன்போர்க்கில் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையில்) சேரும் இடம், பெடல் முன்சக்கரத்தில் சேரும் இடம், பின் அச்சின் இரண்டு முனை. உங்கள் வண்டியும் இதில் இரண்டு இடத்தில்தான் போயிருக்கிறது.

இந்த மூன்றையும் கடையிலேயே சோதிக்கலாம். முன்சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கு நடுவே இறுக்கிக்கொண்டு கைப்பிடியை இடமும் வலமும் திருகுங்கள். சக்கரம் அசையாமல் கைப்பிடி மட்டும் கொஞ்சம் திரும்பினால் அங்கே பிளாஸ்டிக் பல்லும் ஒரு சின்ன ஸ்குரூவும்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். தண்டைக் குறுக்கே துளைத்து போல்ட்டு நட்டு போட்டிருக்க வேண்டும். அடுத்து வண்டியைக் கவிழ்த்துப் போட்டுப் பின்சக்கரத்தைப் பிடித்து அச்சோடு சேர்த்து ஆட்டுங்கள். லேசான ஆட்டம் இருக்கலாம், லொடலொடவென்று இருக்கக் கூடாது. சக்கரத்தின் வெளிமுனையில் வெறும் குல்லாவை அடித்து ஏற்றியிருந்தால் ஒரு தடவை கழன்ற பிறகு அது மறுபடி பிடிக்காது. உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டோ, காட்டர் பின்னோ (அச்சுத் துளையில் செருகி மடக்கும் கம்பி) இருந்தால் நம் ஊர் சைக்கிள் கடையிலேயே மாற்றிக்கொள்ளலாம். பெடல் தண்டு இரும்பாக இருந்தாலும் அது நுழைகிற சக்கரத்தின் நடு வெறும் பிளாஸ்டிக் என்றால் நாளடைவில் துளை வட்டமாகத் தேய்ந்து, பெடல் சுற்றும், சக்கரம் சுற்றாது. துளையைச் சுற்றி உலோகத் தகடு இருக்கிறதா என்று விரலை விட்டுத் தடவிப் பாருங்கள்.

சக்கர விஷயத்தில் நம் பக்கத்து வீடுகளுக்கென்று ஒரு கணக்கு உண்டு. ஆத்தங்குடி டைல்ஸ் தேய்ந்து தேய்ந்து வழவழவென்று இருக்கும். பெடல் முன்சக்கரத்தில் இருக்கிறது, பிள்ளையின் பாரமோ பின்னால் விழுகிறது. அதனால் கெட்டி பிளாஸ்டிக் சக்கரம் பட்டாலையில் (கூடத்தில்) இருந்த இடத்திலேயே சுற்றும், பிள்ளை சலித்துப்போய் இறங்கிவிடும். பட்டாலை முழுக்கக் கடகடவென்று சத்தம் வேறு. காற்றடிக்கும் டயர் நன்றாகப் பிடிக்கும், மெத்தென்றும் போகும். ஆனால் வாசலைத் தாண்டினால் சீமைக்கருவேல முள், வாரத்துக்கு ஒரு பஞ்சர் பார்க்க உங்களால் முடியாது. ஆகவே கெட்டி ரப்பர் சுற்றிய சக்கரம், அது கிடைக்காவிட்டால் ஃபோம் டயர். முன்சக்கரம் பெரிதாக இருந்தால் செம்மண் தரையில் சரளைக்கல்லில் சிக்காமல் ஏறி இறங்கும். கம்பி போட்ட சக்கரம் வேண்டாம், கால்விரல் உள்ளே போகும். தட்டு மாதிரி மூடிய சக்கரமே நல்லது.

மூணு சக்கரம் என்றால் சாயாது என்ற நம்பிக்கையும் தப்பு. வேகமாகப் போய்ச் சட்டென்று திருப்பினால் வெளிப்பக்கமாகக் கவிழும். சீட்டு தாழ்வாகவும் பின்சக்கரங்கள் அகலமாகவும் இருக்கிற வண்டியைத் தேர்ந்தெடுங்கள். கடையில் சீட்டின் ஒரு ஓரத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்தினால் எதிர்ப்பக்கச் சக்கரம் லேசில் தூக்கக் கூடாது. கைப்பிடி ஓர் அளவுக்கு மேல் திரும்பாதபடி தடுப்பு இருந்தால் இன்னும் நல்லது.

'வளர்ற பிள்ளை, பெருசாவே வாங்கு' என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். பேரனைக் கடைக்கே கூட்டிப்போய் உட்கார வையுங்கள். இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் படிய வேண்டும். பெடல் எட்டத்துக்குப் போகும்போதும் முழங்கால் சற்று மடங்கியே இருக்க வேண்டும், பெடலைத் தேடி இடுப்பு இப்படியும் அப்படியும் ஆடினால் வண்டி அவனுக்குப் பெரிது. கூட்டிப்போக முடியாவிட்டால் சுவரில் சாய்த்து நிற்க வைத்து, இரு காலுக்கு நடுவிலிருந்து தரைவரை நூல் பிடித்து அளந்து கொண்டுபோங்கள். சீட்டு அந்த நூலைவிடக் கொஞ்சம் தாழ்வாக இருக்கட்டும். வளர வளர நகர்த்த சீட்டுக்கு அடியில் இரண்டு மூன்று துளை இருந்தால் போதும்.

பெரும்பாலான பிள்ளைகள் மூன்று வயதை ஒட்டித்தான் பெடல் மிதிக்கப் பழகுவார்கள். அதுவரை காலால் உந்திக்கொண்டு போகட்டும், அவசரமில்லை. பின்னால் தள்ளுகம்பி உள்ள வண்டி வாங்கினால் பெடலைச் சக்கரத்திலிருந்து விடுவிக்கும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லாமல் நீங்கள் தள்ளினால் பெடல் தானாகச் சுழன்று அவன் கணுக்காலில் அடிக்கும்.

பாட்டு, லைட்டு எல்லாம் என்னைக் கேட்டால் தேவையே இல்லை. அவற்றுள் இருக்கும் பட்டன் பேட்டரியைப் பிள்ளை விழுங்கினால் சில மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். பாட்டு வைத்த வண்டிதான் கிடைக்கிறது என்றால் பேட்டரி மூடி ஸ்குரூ போட்டு இறுக்கியதாக இருக்கட்டும். மட்கார்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே உள்ள சந்து 5 மி.மீ.க்குக் குறைவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 12 மி.மீ.க்கு மேல் இருக்க வேண்டும். இடைப்பட்ட சந்தில்தான் பிஞ்சு விரல் போய் மாட்டிக்கொள்ளும்.

அட்டைப் பெட்டியில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும், கூடவே ஐ.எஸ். 9873 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களின் பேட்டரி இல்லாத விளையாட்டுச் சாமான்களுக்கு 2021 ஜனவரியிலிருந்து இது கட்டாயம். முத்திரையோடு இருக்கும் உரிம எண்ணை, முத்திரை தரும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் உண்மையானதா என்று காட்டும், மகனிடம் சொன்னால் பார்த்துச் சொல்லிவிடுவார்.

எங்கே ஓட்டுவது என்பதிலும் கண் வேண்டும். முற்றத்தைச் சுற்றியுள்ள வளவில் ஓட்ட நம் வீடுகள் போல இடம் கிடைக்காது. ஆனால் முற்றத்துப் பள்ளத்தின் விளிம்பும் முகப்புப் படியும் அவனுக்கு ஆபத்து. முன்சக்கரத்தில் நேரடியாகப் பெடல் உள்ள வண்டிக்குப் பிரேக் கிடையாது, சரிவில் இறங்கினால் பெடலே காலைத் தட்டிவிடும். முற்றத்து ஓரத்தில் பெஞ்சை வரிசையாகப் போட்டு மறையுங்கள், முகப்புக் கதவைச் சாத்தி வையுங்கள். கிணற்றடிப் பக்கமும் ஊரணிக் கரைக்கும் பெரியவர்கள் கூட இல்லாமல் வண்டி போகவே கூடாது. மழை பெய்து தளம் ஈரமாக இருந்தால் அன்றைக்கு ஓட்டம் வேண்டாம். பண்டிகைக்கு வேட்டி கட்டிவிட்டால் அதோடு ஏற்றாதீர்கள், முன்சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். காலில் செருப்புக்குப் பதில் ஷூ, தலையில் சின்ன ஹெல்மெட் இப்போதிருந்தே பழகட்டும்.

வாங்கி வந்த முதல் வாரம் முடிந்ததும் எல்லா நட்டையும் ஒரு தடவை ஸ்பானர் போட்டு இறுக்குங்கள், புது வண்டியில் அவை கொஞ்சம் தளரும். அப்புறம் மாதம் ஒரு தடவை போதும். ஓட்டாத நேரத்தில் வண்டி முற்றத்திலோ வாசலிலோ கிடக்க வேண்டாம். சித்திரை வெயில் பட்டுப்பட்டுப் பிளாஸ்டிக் வெளுத்து நொறுங்கும், ஐப்பசி மழையில் அச்சு துருப்பிடிக்கும். வீட்டின் உள்பகுதியான இரண்டாம் கட்டுக்குள் ஓரமாக நிறுத்தி வைத்தால் போதும்.