டேபிள் சா ஃபென்ஸில் டிஜிட்டல் ரீடவுட் பொருத்தினால் அளவு துல்லியமாக வருமா?

டேபிள் சாவில் பலகையை ஒட்டித் தள்ளும் ஃபென்ஸை (தடுப்புச் சட்டத்தை) டேப்பில் அளந்து வைத்து வெட்டினால் ஒரு மில்லிமீட்டர் முன்னே பின்னே வருகிறது, ஃபென்ஸின் அளவைத் திரையில் 0.01 மி.மீ. வரை காட்டும் ரீடவுட் போட்டால் தீருமா என்று கேட்டிருக்கிறீர்கள். புதிதாகப் பட்டறை போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இதே நம்பிக்கையில்தான் நானும் மூன்று வருடத்துக்கு முன் வாங்கினேன். இப்போதும் என் மெஷினில் அது இருக்கிறது, தினமும் பயன்படுத்துகிறேன். அதனால் நான் ரீடவுட்டுக்கு எதிரி என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

ரீடவுட் அளப்பது ஃபென்ஸ் எவ்வளவு நகர்ந்தது என்பதை மட்டும்தான். பிளேடு எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. இதை நான் கற்றுக்கொண்டது ஒரு வார்ட்ரோப் வேலையில்.

கோவையில் ஓர் அடுக்குமாடி வீடு, நான்காவது மாடி. சுவருக்குச் சுவர் 3603 மி.மீ. 450 மி.மீ. அகலத்தில் எட்டுப் பெட்டி, மீதி 3 மி.மீ. இடைவெளி. ஓரத்தில் இடைவெளியை மூடும் ஃபில்லர் பட்டை விட்டிருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். வீட்டுக்காரர் பட்டையே தெரியக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார். பக்கப் பலகை இரண்டும் 18 என்றால் உள்ளே அடிப்பலகை 414. முந்தின நாள்தான் பிளேடை சாணைக்குக் கொடுத்துவிட்டு, கைவசம் இருந்த மெல்லிய பிளேடை மாட்டியிருந்தேன். திரையில் 414.00 வைத்து அடி, மேல், தட்டு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வெட்டினேன்.

எட்டாவது பெட்டி உள்ளே போகவில்லை. ஒரு மில்லிமீட்டர் இடித்தது.

எங்கள் மெஷினில் பிளேடு அழுந்தி உட்காரும் ஃபிளாஞ்ச், ஃபென்ஸுக்கு எதிர்ப்பக்கம் இருக்கிறது. பழைய பிளேடின் தகடு 2.2, பல் இரண்டு பக்கமும் அரை மி.மீ. வெளியே நிற்கும். ஃபிளாஞ்சிலிருந்து கணக்குப் போட்டால் பல் முனை 2.7-இல். புதிய பிளேடின் தகடு 1.8, பல் 0.4, ஆக 2.2. பல் முனை ஃபென்ஸை விட்டுத் தள்ளிப்போன அந்த அரை மி.மீ. ஒவ்வொரு பலகையிலும் கூடுதலாக வந்துவிட்டது. எட்டுப் பெட்டிக்கு 4 மி.மீ. திரை மட்டும் கடைசி வரை 414.00 என்றே காட்டிக்கொண்டிருந்தது.

அப்பா ஒரே கேள்விதான் கேட்டார். "பிளேடு மாத்துனியே கண்ணு, பல்லு முனையில இருந்து ஸ்கேல் வச்சுப் பாத்தியா?" அவர் நூல் கணக்கில் வேலை செய்தவர், இஞ்சுக்கு எட்டு நூல். அரை நூல் பிசகினாலும் கையால் தடவிச் சொல்லிவிடுவார். பழைய ஆசாரிகளுக்குத் துல்லியம் தெரியாது என்று இங்கே சிலர் எழுதுவதைப் பார்த்தால் எனக்கு நிஜமாகவே வலிக்கிறது.

எட்டுப் பெட்டியையும் கழற்றிக் கீழே கொண்டுவந்து, திருத்தி, மறுபடி மேலே ஏற்றினோம். படிக்கட்டு வழியாக. அந்தக் குடியிருப்பில் வேலைக்காரர்கள் லிஃப்ட்டில் ஏறக் கூடாதாம். சுவரில் கீறல் விழும் என்றார்கள். போர்வை சுற்றி எடுத்துப் போகிறோம் என்றும் சொல்லிப் பார்த்தேன். அப்பா, அறுபத்திரண்டு வயது மனிதர், 8 அடிப் பலகையைத் தோளில் வைத்து நான்கு மாடி ஏறுகிறார், நாய்க்குட்டியோடு ஒருவர் லிஃப்ட்டில் போகிறார். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் இதைப் படிப்பவர்களில் யாராவது ஒரு குடியிருப்புச் சங்கத்தில் இருக்கக்கூடும். தயவுசெய்து யோசியுங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இப்போது பிளேடு மாற்றினால் முதலில் 100 மி.மீ. வைத்து ஒரு கழிவுத் துண்டை வெட்டுகிறேன். அதை வெர்னியரில் அளந்து, ஃபென்ஸை அசைக்காமல், வந்த அளவையே திரையில் பதிகிறேன். அப்புறம் அன்று முழுக்கக் கவலையில்லை. ஒரே அளவுக்குத் திரும்பத் திரும்ப வருவதில் டேப்பை விட ரீடவுட் எவ்வளவோ மேல். டேப்பின் கொக்கி ஆடும், கண் சாய்வாகப் பார்க்கும், அந்தத் தொல்லையெல்லாம் இதில் இல்லை. ஆனால் 0.01-ஐ நம்ப வேண்டாம். ஃபென்ஸை லாக் செய்யும்போதே அதைவிட அதிகமாக நகரும். ஒரு மீட்டர் இரும்பு 10 டிகிரி சூடேறினாலே 0.12 மி.மீ. நீள்கிறது. மரவேலைக்கு 0.1 நிலையாக வந்தால் போதும் என்பது என் கருத்து, இயந்திரவியல் படித்தவர்கள் மாறுபடலாம். ரீடவுட்டின் அளவுப் பட்டையிலும் வகை உண்டு. டிஜிட்டல் வெர்னியர் மாதிரி வேலை செய்யும் மலிவான கெப்பாசிட்டிவ் (மின்தேக்க) பட்டையில் ஈரம் பட்டால் எண் தாறுமாறாக ஓடும். தூசியும் ஈரமும் உள்ள பட்டறைக்குக் காந்தப் பட்டை வகை நல்லது.

இன்னொன்று, ரீடவுட்டின் சென்சார் ஃபென்ஸ் நகரும் முன் கம்பியில்தான் இருக்கும். ஃபென்ஸின் பின்முனை பிளேடு பக்கம் சாய்ந்திருந்தாலும் திரை சரியான எண்ணையே காட்டும், ஆனால் பலகை நெரிந்து உங்கள் மேலேயே திரும்பிப் பாயலாம். வாங்குவதற்கு முன் ஃபென்ஸை லாக் செய்துவிட்டுப் பின்முனையைக் கையால் தள்ளிப் பாருங்கள். அசைந்தால் அந்தப் பணத்தில் முதலில் ஃபென்ஸை மாற்றுங்கள்.