ரூம் இல்லைன்னு ட்ரிப்பை விட்றாதீங்க

"ராத்திரி முடிவு பண்ணி காலையில மதுரையிலிருந்து கிளம்புறோம், ராமேஸ்வரத்துல ரூம் இல்ல, ரெண்டு சின்னப் பசங்க, ரத்து பண்ணிடலாமா"ன்னு கேட்டிருக்கீங்க. வேண்டாம் சார். ராமநாதபுரம் டவுன்லயே தங்குங்க. அமாவாசையான்னு மட்டும் காலண்டரைப் பார்த்துக்கோங்க. அன்னைக்குன்னா தீவுக்குள்ள கூட்டம் நெரியும்.

பசங்களோட குளிக்கணும்னா உச்சிப்புளி பக்கம் அரியமான் பீச்சுக்குப் போங்க. பாக் நீரிணைப் பக்கம், அலை கம்மி, கரையில சவுக்குத் தோப்பு நிழல். தனுஷ்கோடியில ஒரு பக்கம் அமைதியான பெண்கடல், மறுபக்கம் அலை அடிக்கிற ஆண்கடல்னு சொல்வாங்க. அதோட கடைசி முனை அரிச்சல்முனையில நின்னு பார்க்கலாம், இறங்கக் கூடாது; இழுப்பு அதிகம். சாயங்காலத்துக்கு மேல வண்டி விடமாட்டாங்க, அதுக்கு முன்னாடியே போயிடுங்க. 1964 புயல்ல இடிஞ்ச சர்ச் கட்டடத்தை வழியிலயே காட்டலாம்.

மீன் ஆசை இருந்தா ஒரு விஷயம்: ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகு மீன்தான் வரும், விலை கொஞ்சம் கடிக்கும்.

நாங்க ஒரு தடவை மாத்துத்துணிகூட எடுக்காமப் போனோம். ஈரத்தோட காருக்குள்ள உட்கார்ந்து, சீட்டெல்லாம் மணல். மாசக்கணக்கா திட்டம் போட்டுப் போன ஊட்டி எனக்கு ஞாபகமே இல்ல, அந்த மணலை இன்னும் பசங்க பேசுறாங்க. வீட்டம்மாகிட்ட துண்டும் தண்ணியும் மட்டும் எடுக்கச் சொல்லுங்க. காலை அஞ்சுக்கே கிளம்பிடுங்க, பத்து மணிக்கு மேல வெயில் தாங்காது.