வீடு மாறும்போது நாயை யாரிடம் ஒப்படைப்பது? கேள்வி பதில்

பணி மாற்றம், வெளிநாட்டுப் பயணம், தனி வீட்டிலிருந்து அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போவது போன்ற காரணங்களால் வளர்ப்பு நாயை வேறு வீட்டில் சேர்க்க வேண்டிய நிலையில் இருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, சென்னையில் நெடுங்காலமாக நாய்களுக்கு வீடு தேடித் தரும் தன்னார்வலர் ஒருவர் பதிலளிக்கிறார்.

கேள்வி (அம்பத்தூர்): வணக்கம் அம்மா. இரண்டு மாதத்தில் எனக்கு டெல்லிக்கு மாற்றல். எங்கள் லாப்ரடாருக்கு நான்கு வயது. அங்கே பார்த்து வைத்திருக்கும் குடியிருப்பில் நாய் வளர்க்கக் கூடாது என்று சங்கத்தார் சொல்கிறார்கள். நல்ல இடமாகப் பார்த்துக் கொடுத்துவிடலாமா?

கொடுத்துவிடலாம் என்ற முடிவுக்கு நீங்கள் சற்று விரைவாக வந்துவிட்டீர்களோ என்று தோன்றுகிறது. குடியிருப்போர் நலச் சங்கங்கள் நாய் வளர்ப்பதைத் தடை செய்ய முடியாது என்றும், பெரும்பான்மையோர் கூடித் தீர்மானம் போட்டாலும் அது செல்லாது என்றும் இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலில் உள்ளது. ஆனால் வீட்டு உரிமையாளர் வாடகை ஒப்பந்தத்தில் எழுதும் நிபந்தனை வேறு. அதை மறைத்துக் குடிபோனால், சில மாதங்களில் காலி செய்யச் சொல்லும்போது இதே கேள்வியோடு, இம்முறை தெரியாத ஊரில், நிற்பீர்கள். ஆகவே நாயோடு வருகிறேன் என்று முதலிலேயே சொல்லி வேறு வீடு தேடிப் பாருங்கள். வாடகை சற்றுக் கூடலாம், தூரமும் கூடலாம்.

ரயிலில் அழைத்துச் செல்வதற்கு, முதல் வகுப்பு ஏசி பெட்டியில் இருவர் படுக்கும் கூப்பே அல்லது நால்வர் படுக்கும் அறை முழுவதும் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். தடுப்பூசி அட்டை, கால்நடை மருத்துவர் தந்த தகுதிச் சான்று ஆகியவற்றோடு பார்சல் அலுவலகத்தில் நாய்க்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். இரண்டாம், மூன்றாம் வகுப்பு ஏசியிலும் ஸ்லீப்பரிலும் அனுமதி இல்லை. ரயில் கார்டு செல்லும் பெட்டியில் உள்ள கூண்டில் ஏற்றும் வழியும் உண்டு. முப்பது மணி நேரத்துக்கு மேல் நீளும் டெல்லிப் பயணத்தில், அதுவும் கோடையில், அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி (கோயம்புத்தூர்): நான்கு மாதத்தில் குடும்பத்தோடு லண்டன் செல்கிறோம். மூன்று வயது ராஜபாளையம் ஆண் நாய் இருக்கிறது. அங்கே கொண்டுபோக முடியுமா, அல்லது இங்கேயே யாரிடமாவது விட வேண்டுமா?

முடியும்; ஆனால் இன்றே தொடங்க வேண்டும். முதலில் தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லான மைக்ரோசிப்பைப் பொருத்தி, அதன் பிறகே வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும். சிப் இல்லாமல் முன்பு போட்ட ஊசி கணக்கில் வராது. ஊசி போட்டு 30 நாள் கழித்து இரத்த மாதிரி எடுத்து, எதிர்ப்புச் சக்தி போதுமான அளவு இருக்கிறதா என்று அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும். அந்த மாதிரி எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருந்தால்தான் இந்தியாவிலிருந்து செல்லும் நாய்க்கு பிரிட்டனில் அனுமதி. சென்று இறங்குவதற்கு ஐந்து நாளுக்குள், ஆனால் 24 மணி நேரத்துக்குக் குறையாமல், நாடாப்புழு மருந்து கொடுத்துச் சான்று பெற வேண்டும். விமானத்தில் சரக்காகத்தான் செல்லும் என்பதால் பெரிய நாய்க்குச் செலவு அதிகம். உங்கள் பயணத்துக்கும் அதன் பயணத்துக்கும் ஐந்து நாளுக்கு மேல் இடைவெளி விழுந்தால் வணிக இறக்குமதிக்கான விதிகள் பொருந்தும் என்பதால், காலம் போதாவிட்டால் உங்கள் பயணத்தையே சற்றுத் தள்ளிப் போடப் பாருங்கள். உங்களுக்கு இருக்கும் சிறந்த வழி அதுவே என்பது என் கருத்து.

ஒவ்வொரு நாட்டுக்கும் விதி வேறு. ஆஸ்திரேலியாவுக்கு இந்தியாவிலிருந்து நாயை நேரடியாகக் கொண்டுபோகவே முடியாது. இடையில் அனுமதிக்கப்பட்ட நாடொன்றில் தங்க வைக்க வேண்டும். சிங்கப்பூரில் அரசு அடுக்குமாடி வீட்டில் பட்டியலிட்ட சிற்றின நாய் ஒன்றுக்கு மட்டுமே இடம் உண்டு, ராஜபாளையத்துக்கு இல்லை.

எதுவும் கைகூடாமல் இங்கேயே கொடுப்பதானால், ராஜபாளையம் எல்லோருக்கும் பொருந்தும் நாய் அன்று என்பதை மனத்தில் கொள்ளுங்கள். ஒருவரையோ ஒரு குடும்பத்தையோ பிடித்துக்கொண்டு மற்றவரை எளிதில் அண்ட விடாத இயல்பு அதற்கு உண்டு. சில நாய்கள் பிறவியிலேயே காது கேளாதவை. உங்கள் நாய் அப்படியா என்று பார்த்துச் சொல்லிவிடுங்கள். “தோட்டத்துக்குக் காவல் வேண்டும்” என்று கேட்பவர்கள்தாம் முதலில் வருவார்கள். அவர்களில் பலர், மோட்டார் ரூம் பக்கத்தில் பகலெல்லாம் சங்கிலியில் கட்டி, இரண்டு வேளை சோறு வைப்பதையே வளர்ப்பு என்று கருதுபவர்கள். வீட்டுக்குள் வளர்ந்த நாய் அங்கே மாறுவதற்கு முன் கடிக்கப் பழகிவிடும்.

கேள்வி (வேளச்சேரி): மேடம், எங்கள் ஷிட்சூ பெண் நாய்க்கு இரண்டரை வயது. கருத்தடை செய்யவில்லை. இலவசமாகத் தருகிறோம் என்று முகநூலில் போட்டவுடன் ஒரே நாளில் ஏராளமான அழைப்புகள். யாரை நம்புவது?

முதலில் அந்தப் பதிவை எடுத்துவிடுங்கள். இனப்பெருக்கம் செய்யக்கூடிய இளம் பெண் நாயை இலவசம் என்று அறிவித்தால், குட்டி விற்பவர்களுக்கு அது முதல் இல்லாத தொழில். அவர்கள் பேச்சிலேயே தெரிந்துவிடும். நாய் என்ன சாப்பிடும், யாரோடு தூங்கும் என்று கேட்க மாட்டார்கள், “பேப்பர் இருக்கா? இதுவரைக்கும் குட்டி போட்டிருக்கா? கடைசியா எப்போ ஹீட்டுக்கு வந்தது?” என்பார்கள். பேப்பர் என்பது கென்னல் கிளப் தரும் இனச் சான்று, ஹீட் என்பது இணை சேரும் பருவம். படம் கேட்டு வாங்கியதும் இன்றிரவே வண்டி அனுப்புகிறேன் என்பார்கள்.

அறுவைச் சிகிச்சை செய்து, தையல் ஆறிய பிறகு மறுபடி அறிவியுங்கள். ஹீட்டில் இருக்கும் நாய்க்கு உடனே செய்யாமல் இரண்டு மாதம் போலத் தள்ளிப் போடும்படி மருத்துவர் கூறுவார். உங்கள் பயணத் தேதியை அதற்கேற்பக் கணக்கிடுங்கள். “கருத்தடை செய்யப்பட்டது” என்ற ஒரு வரியைச் சேர்த்தவுடன் அழைப்புகள் வெகுவாகக் குறையும். குறைந்தபின் மிஞ்சும் நாலைந்து பேரிடம்தான் பேச வேண்டும். கருத்தடைக்கு ஆன செலவில் ஒரு பகுதியைக் கேட்பதும் தவறன்று. அதற்கே தயங்குகிறவர் நாளை மருத்துவரிடம் எப்படிச் செலவழிப்பார்?

கேள்வி (தாம்பரம்): ஒரு குடும்பம் எங்கள் நாயைக் கேட்கிறது. நல்லவர்களாகத்தான் தெரிகிறார்கள். வீட்டைப் போய்ப் பார்ப்பது அவர்களை அவமதிப்பது ஆகாதா?

பெண் கொடுக்கும் வீட்டை நேரில் பார்க்காமல் யாரும் இருப்பதில்லையே. நாயோடு போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். வீட்டில் உள்ள எல்லோரும் இருக்கும் நேரமாகப் பாருங்கள், ஏனெனில் விரும்பிக் கேட்பவர் பெரும்பாலும் பிள்ளைகளாகவோ வேலைக்குப் போகும் இளைஞராகவோ இருப்பார். பகல் முழுவதும் நாயோடு இருக்கப்போகிறவர் அந்த வீட்டுப் பாட்டி. அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் அந்த ஏற்பாடு மூன்று மாதம் தாங்காது. வாசல் கேட்டுக்கு அடியில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரம் என்று கவனியுங்கள். மழையில் நாய் எங்கே படுக்கும் என்று கேளுங்கள். “மாடியிலேயே இருக்கும்” என்று பதில் வந்தால், சித்திரை வெயிலில் அந்தத் தரையை எண்ணிப் பார்த்துவிட்டு நன்றி சொல்லிக் கிளம்புங்கள்.

நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: இதற்கு முன் வளர்த்த நாய் என்ன ஆயிற்று? வயதாகி இறந்தது, சிறுநீரகம் கெட்டு இந்த மருத்துவரிடம் காட்டினோம் என்று விவரமாகச் சொல்பவர்கள் ஒரு வகை. எங்கேயோ ஓடிவிட்டது, யாரோ தூக்கிப் போய்விட்டார்கள், ஊரில் கொடுத்துவிட்டோம் என்று ஒவ்வொரு நாய்க்கும் ஒரு கதை வைத்திருப்பவர்கள் இன்னொரு வகை.

கேள்வி (மதுரை): எங்கள் நாய் சென்ற ஆண்டு பக்கத்து வீட்டுச் சிறுவனைக் கையில் கடித்துவிட்டது. இப்போது வீடு மாறுகிறோம். அதைச் சொன்னால் யாரும் வாங்க மாட்டார்கள், சொல்லாதே என்கிறார் என் கணவர். என்ன செய்வது?

சொல்லியே ஆக வேண்டும் அம்மா. சொல்லாமல் கொடுத்தால், அந்த வீட்டிலும் ஒரு குழந்தை இருக்கலாம்; அங்கே கடி பட்டபின் நாய் எங்கே போகும் என்பது உங்கள் கையில் இருக்காது. நாய் திரும்பி வருவதற்கும் தெருவில் விடப்படுவதற்கும் நான் கண்டவரை முதன்மைக் காரணம் அதன் குறை அன்று, அந்தக் குறையை மறைத்ததுதான். “இடிச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கடியில் போய்விடும், மூன்று மணி நேரம் தனியாக விட்டால் கதவைப் பிறாண்டும்” என்று முன்கூட்டியே தெரிந்து வாங்கியவர்கள் அவற்றைச் சமாளித்துக்கொள்கிறார்கள்.

எந்தச் சூழலில் கடித்தது என்று எழுதி வையுங்கள். சாப்பிடும்போது தட்டில் கை வைத்ததாலா, தூங்கும்போது மிதித்ததாலா, கட்டிப் போட்டிருந்தபோது சீண்டியதாலா, அல்லது எந்தக் காரணமும் இல்லாமல் துரத்திக் கடித்ததா? முதல் மூன்றும் பெரியவர்கள் மட்டும் உள்ள வீட்டில் சமாளிக்கக்கூடியவை. காதில் சீழ், இடுப்பு மூட்டு வலி போன்றவற்றாலும் சாதுவான நாய் கடிக்கும் என்பதால், கொடுப்பதற்கு முன் மருத்துவரிடம் முழுமையாகக் காட்டுங்கள். வெறிநோய்த் தடுப்பூசி தவறாமல் போட்டதற்கான அட்டை கையில் இருக்கட்டும். நான்காவது வகையானால், நடத்தைப் பயிற்சியாளர் ஒருவர் பார்க்காமல் அதை வேறெவருக்கும் கொடுக்காதீர்கள். ஒரு வேளை கொடுக்கவே முடியாமலும் போகலாம். அப்போது வீட்டைத் தேர்ந்தெடுப்பதில் நீங்கள்தான் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

கேள்வி (பல்லாவரம்): அடுத்த வாரமே காலி செய்ய வேண்டும். ப்ளூ கிராஸில் விட்டுவிடலாமா?

1959-இல் சென்னையில் தொடங்கப்பட்ட ப்ளூ கிராஸ் ஆகட்டும், வேறு காப்பகங்கள் ஆகட்டும், அவை முதன்மையாக அடிபட்ட, நோயுற்ற, ஆதரவற்ற விலங்குகளுக்கானவை. நல்ல உடல்நிலையில் உள்ள வீட்டு நாய் அங்கே பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற தொற்றுகளுக்கு நடுவே, இரைச்சலில், பல நாள் உண்ணாமல் கிடக்கும். தொலைபேசியில் கேட்காமல் போகாதீர்கள். இரவில் வாசற்கதவில் கட்டிவிட்டு வருவதை நினைக்கவும் வேண்டாம். நியாயமான காரணமின்றி, பசி தாகத்தால் வாடும் நிலையில் ஒரு விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான் என்பது அந்தச் சட்டத்தின் அவலம். உங்களுக்குத் தேவை நேரம். ஒரு மாதத்துக்குப் பணம் கட்டி நாய் விடுதியில் தங்க வையுங்கள். அந்த இடைவெளியில் வீடு தேடலாம்.

கேள்வி (திருச்சி): தெருவிலிருந்து குட்டியாக எடுத்து வளர்த்த நாட்டு நாய். இப்போது ஐந்து வயது. அதே தெருவில் விட்டால் பழைய இடத்தில் பிழைத்துக்கொள்ளாதா?

பிழைக்காது. அந்தத் தெரு இப்போது வேறு நாய்களின் எல்லை. வீட்டு நாய் நுழைந்தால் கூட்டமாகக் கடித்துக் குதறும். சாலையைக் கடக்கவும் அதற்குத் தெரியாது. கருத்தடை செய்த நாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்ற 2023-ஆம் ஆண்டு விதியைச் சிலர் இதற்கு மேற்கோள் காட்டுகிறார்கள். அது தெருவில் வாழும் நாய்க்கானது. நீங்கள் சோறு வைத்து, தெருவிலேயே வாழ்ந்துவரும் நாய் என்றால் செய்ய வேண்டியது வேறு: அதை இடம் மாற்றாமல், அதே பகுதியில் அதைக் கவனித்துக்கொள்ள ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள்.

கேள்வி (சேலம்): பதினொரு வயது பொமரேனியனை யார் எடுப்பார்கள்?

அந்நியர் எடுப்பது அரிது. அது அறிந்த முகங்களில் தேடுங்கள்: உங்கள் பெற்றோர், நெடுநாள் அண்டை வீட்டார், வீட்டு வேலைக்கு வரும் அம்மா. மருந்துக்கும் தீனிக்கும் மாதந்தோறும் பணம் அனுப்புகிறேன் என்று நீங்களாகச் சொல்லுங்கள். மறுப்பவர்களில் பாதிப் பேர் அன்பில்லாமல் மறுப்பதில்லை, செலவுக்கு அஞ்சியே மறுக்கிறார்கள்.

கேள்வி (ஆவடி): வீடு கிடைத்துவிட்டது. அடுத்த ஞாயிறு கொண்டுபோய் விடுகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

தீபாவளி வாரம் இல்லையே? வெடிச் சத்தத்தில் பழகிய நாயே ஓடிவிடும். புது வீட்டிலிருந்து நாய் தப்பியோடுவது பெரும்பாலும் முதல் சில நாட்களில்தான், அதுவும் பால்காரருக்கோ கூரியருக்கோ கேட்டைத் திறக்கும் அந்த நொடியில்தான். கழுத்துப் பட்டையில் புதியவரின் தொலைபேசி எண் பொறித்த வில்லையை முதல் நாளே மாட்டுங்கள். பழைய வீட்டைத் தேடிப் போகும் என்பதால், சில வாரங்களுக்குக் கயிறில்லாமல் வெளியே விட வேண்டாம் என்று சொல்லுங்கள். துவைக்காத படுக்கை விரிப்பு, தட்டு, ஒரு வாரத் தீனி ஆகியவற்றை உடன் அனுப்புங்கள். தயிர் சாதமோ பாக்கெட் தீனியோ, எதற்குப் பழகியதோ அதையே முதலில் கொடுத்துப் படிப்படியாக மாற்றட்டும். முதல் இரண்டு நாள் சாப்பிடாவிட்டால் பதற வேண்டாம். தண்ணீரும் குடிக்காவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும்.

“எந்தக் காரணத்தால் வைத்துக்கொள்ள முடியாமல் போனாலும் எங்களிடமே சொல்ல வேண்டும், வேறெவருக்கும் கைமாற்றக் கூடாது” என்று வெள்ளைத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். நீங்கள் சென்று பார்ப்பதைச் சில வாரம் தள்ளிப் போடுங்கள். அதுவரை படம் அனுப்பச் சொன்னால் போதும். தடுப்பூசி அட்டையைக் கொடுக்கும்போதே மைக்ரோசிப் பதிவிலும், கென்னல் கிளப் சான்று இருந்தால் அதிலும், உரிமையாளர் பெயரை மாற்றுங்கள். மாநகராட்சி உரிமம் உங்கள் பெயரில் இருந்தால், நாய் கைமாறியதை அங்கும் தெரிவித்து, புதியவர் தம் பெயரில் எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நாயைப் பற்றிய புகார் எதுவானாலும் உங்களைத் தேடித்தான் வரும்.