எஸ்டேட் சேலில் ஏமாந்தவர்களுக்கு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் ஊருக்கு அருகே ஒரு வீட்டில் எஸ்டேட் சேல் (வீட்டுச் சாமான் முழுவதையும் விற்றுத் தீர்க்கும் விற்பனை) என்று இணையத்தில் பார்த்து, புகைப்படத்தில் இருந்த பழைய சிங்கர் தையல் இயந்திரத்துக்காகவே காலை 7 மணிக்குப் போய் நின்றேன். 9 மணிக்குக் கதவு திறந்ததும், எனக்குப் பின்னால் வந்தவர்களை எனக்கு முன்னால் உள்ளே அழைத்தார்கள். நான் நுழைந்தபோது இயந்திரத்தின் மேல் ‘விற்றாகிவிட்டது’ என்ற சீட்டு இருந்தது. இது என்ன நியாயம்?
– ஆர். எம்., எடிசன், நியூ ஜெர்சி

பதில்: அந்த வரிசையில் நானும் கால் கடுக்க நின்றிருக்கிறேன், ஆகவே உங்கள் எரிச்சல் புரிகிறது. அமெரிக்காவில் வீட்டுப் பெரியவர் காலமான பிறகோ, முதியோர் இல்லத்துக்குப் போன பிறகோ, அங்கே எஞ்சியிருக்கும் கட்டில் முதல் கரண்டி வரை அனைத்தையும் இரண்டு மூன்று நாள்களில் விற்றுத் தருவதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன. விற்ற தொகையில் 30 முதல் 50 விழுக்காடு வரை அவர்களுக்குக் கமிஷன். வீட்டைக் காலி செய்து கொடுப்பதுதான் அவர்கள் ஒப்புக்கொண்ட வேலை. வாசலில் நிற்பவரின் மனக்குறை அந்தக் கணக்கில் வராது.

பல இடங்களில் விடியும் முன்பே வாசலில் ஒரு தாளை வைத்துவிடுவார்கள், அல்லது எண் போட்ட சீட்டுக் கொடுப்பார்கள். பழம்பொருள் வியாபாரிகள் 5 மணிக்கே வந்து பெயரை எழுதிவிட்டு, காருக்குள் போய்த் தூங்குவார்கள். உங்களுக்குப் பின்னால் வந்ததாக நீங்கள் நினைத்தவர்கள், அநேகமாக உங்களுக்கு முன்பே வந்து போனவர்கள். தாள் செல்லுமா, வரிசை செல்லுமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால், முந்தைய நாளே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. குறிப்பிட்ட பொருள் கதவு திறக்கும் வரை விற்கப்படாமல் இருக்குமா என்பதையும் அப்போதே கேளுங்கள். வீட்டார் மனம் மாறி எடுத்துக்கொண்ட பொருளும், முன்கூட்டியே விற்றுப்போன பொருளும் படத்தில் மட்டும் அப்படியே இருக்கும். இதை நான் மோசடி என்று சொல்லமாட்டேன், ஆனால் படத்தை நீக்காமல் விடுவது மரியாதையான வியாபாரமும் அல்ல.

நீங்கள் பார்த்தது ஃபெதர்வெய்ட் 221 மாதிரியாக இருந்தால், போட்டி கடுமையாகத்தான் இருந்திருக்கும். 1933-இல் வெளிவந்த, 11 பவுண்டே எடையுள்ள அந்தச் சிறிய இயந்திரத்தைத் தைப்பவர்கள் இன்றும் தேடி அலைகிறார்கள். நம் பாட்டி வீட்டில் இருந்ததுபோன்ற காலால் மிதிக்கும் கறுப்பு இயந்திரம் என்றால் கவலை வேண்டாம், அடுத்த மாதமே இன்னொரு வீட்டில் கிடைக்கும்.

கேள்வி: 12 கரண்டிகள் கொண்ட ‘வெள்ளி’ செட் ஒன்றை 120 டாலருக்கு வாங்கினேன். விலைச்சீட்டில் ‘கரண்டி செட்’ என்று மட்டும் இருந்தது, மேசையில் இருந்தவர் ‘வெள்ளிதான்’ என்று வாயால் சொன்னார். வீட்டில் துலக்கியபோது குழிப்பகுதியில் மஞ்சளாகத் தெரிகிறது, பின்புறம் ‘இ.பி.என்.எஸ்.’ என்று பொறித்திருக்கிறது. பணத்தைத் திருப்பித் தர மறுக்கிறார்கள்.
– கே. வி., ஹூஸ்டன்

பதில்: அந்த நான்கு எழுத்துகளும் வெள்ளி முலாம் பூசிய நிக்கல் சில்வர் என்பதைச் சொல்கின்றன. நம் ஊரில் ஜெர்மன் சில்வர் என்று விற்கப்படும் அதே செம்பு, துத்தநாக, நிக்கல் கலவைதான் அது. அந்தக் கலவையில் வெள்ளி பொட்டுக்கூடக் கிடையாது. முலாம் தேய்ந்த இடத்தில்தான் மஞ்சள் தெரிகிறது. அமெரிக்கத் தயாரிப்பில் ‘ஸ்டெர்லிங்’ (92.5 விழுக்காடு வெள்ளி) என்ற சொல்லோ 925 என்ற எண்ணோ இருக்கிறதா என்று பாருங்கள். மெழுகுவத்தித் தாங்கிகளில் ‘வெயிட்டெட்’ என்றும் சேர்த்திருந்தால், மேலே மெல்லிய வெள்ளித் தகடும் உள்ளே சிமெண்டு போன்ற கனமான பொருளும்தான் இருக்கும். காந்தம் வைத்துப் பார்த்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். நிக்கல் சில்வரிலும் காந்தம் ஒட்டாது என்பதால் அந்தச் சோதனை உங்களுக்கு உதவியிருக்காது.

பணத்தைப் பொறுத்தவரை, இத்தகைய விற்பனைகளில் ‘பொருள் உள்ளது உள்ளபடி, திரும்பப் பெறப்படாது’ என்ற அறிவிப்பு வாசலிலேயே இருக்கும். பெரும்பாலான மாநிலங்களில் சட்டம் அதை ஏற்கிறது. ஆனால் விற்பவர் ஒரு பொருளை இன்னது என்று வெளிப்படையாகச் சொல்லி விற்றிருந்தால், அந்த அறிவிப்பைக் காட்டி அவர் எளிதில் தப்பிக்க முடியாது. விலைச்சீட்டிலோ விளம்பரத்திலோ ‘ஸ்டெர்லிங்’ என்று எழுதியிருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கும். வாயால் சொன்னதும் சட்டத்தில் வாக்குறுதியாகலாம் என்றாலும், நிரூபிப்பது கடினம். விளம்பரப் பக்கத்தில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் படமெடுத்து அனுப்பிக் கேளுங்கள். இல்லையென்றால் 120 டாலருக்காக நீதிமன்றம் ஏறுவதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

நானும் இப்படித்தான் ஏமாந்தேன். பென்சில்வேனியாவின் ஈரி நகரில் 1957 வரை வார்க்கப்பட்ட கிரிஸ்வோல்ட் இரும்புக் கற்களின் மழமழப்பு தோசைக்கு வெகு பொருத்தம். அப்படி ஒரு வட்டக் கல்லை 40 டாலருக்கு வாங்கி வந்து கண்ணாடி அடுப்பில் வைத்தால், அது தொட்டில் போல ஆடியது. சூடேறியதும் ஓரத்தில் மயிரிழையாய் ஒரு கோடு தெரிந்து, எண்ணெய் அதன் வழியே கசிந்தது. மண்பானையைச் சுண்டிப் பார்க்காமல் சந்தையில் காசை எடுக்காத பாட்டியின் பேரன் நான். அந்தக் கல்லை ஒருமுறை தட்டியிருந்தால், மணி போல ஒலிக்காமல் ‘தட்’ என்று அடங்குவது அங்கேயே கேட்டிருக்கும். ஏதாவது தட்டையான பரப்பில் வைத்து ஆடுகிறதா என்றும் பார்த்திருக்கலாம். பின்னால் நான்கு பேர் நிற்கிறார்கள் என்ற அவசரம்தான் காரணம்.

கேள்வி: டல்லஸில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, மூன்றாம் நாள் பாதி விலை என்று ஒரு வீட்டுக்குப் போனோம். கிறிஸ்துமஸ் தோரணங்களும், யாரோ ஒரு குடும்பத்தின் புகைப்பட ஆல்பமும்தான் மிச்சம். பக்கவாட்டுச் சட்டம் ஏறி இறங்கும் நல்ல மரத் தொட்டில் ஒன்று இருந்தது. பேரனுக்கு வாங்கலாம் என்றேன், மகன் பிடிவாதமாக மறுத்துவிட்டான். ஆல்பத்தை எப்படி விற்க மனம் வருகிறது?
– பா. ல., மயிலாப்பூர்

பதில்: தொட்டில் விஷயத்தில் உங்கள் மகன் பக்கம்தான் நியாயம். இறங்கும் சட்டத்தில் குழந்தைகள் சிக்கி இறந்ததால், 2011 ஜூன் 28 முதல் அவ்வகைத் தொட்டில்களை விற்பதே அமெரிக்காவில் தடைசெய்யப்பட்டிருக்கிறது. அதை விலை போட்டு வைத்ததே தவறு. கடைசி நாளில் தோட்டக் கருவிகள், மேசை விரிப்புகள், புத்தகங்கள் இவற்றை நம்பி வாங்கலாம். மெத்தை வைத்த நாற்காலி என்றால், தையல் மடிப்பை விரித்து மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று பார்க்காமல் தொடாதீர்கள்.

ஆல்பத்தைப் பிள்ளைகள் வேண்டாம் என்று விட்டிருப்பார்கள், அல்லது பிள்ளைகளே இல்லாமல் இருந்திருக்கும். பழைய படங்களைச் சேகரிப்பவர்கள் இருப்பதால் அதற்கும் ஒரு விலைச்சீட்டு. அவர்களும் வாங்காவிட்டால் ஞாயிறு மாலை குப்பையோடு போய்விடும். ஒருமுறை இரண்டு டாலர் கொடுத்து நான் ஓர் ஆல்பத்தை வாங்கி வந்தேன். எதற்கு என்று என் மனைவி கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை.