பணமா, பாராட்டா, பரிசா: வேலையிலும் படிப்பிலும் ஒருவரை மனசார உழைக்க வைப்பது எது?

கேள்வி கேட்டவர் எச்.ஆர். பிரிவில் புதிதாகச் சேர்ந்தவராக இருப்பார் என்று நினைக்கிறேன். மேலதிகாரி "இன்சென்டிவ் ஸ்கீம் ஒன்று போட்டுக் கொண்டு வா" என்று சொல்லியிருப்பார். என் யூகம் தப்பாகவும் இருக்கலாம். ஆனால் கேள்விக்குக் கீழே "நல்ல பரிசு வைத்தால் எல்லோரும் போட்டி போட்டு உழைப்பார்கள்தானே?" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்களே, அதைப் பார்த்த பிறகு பேசாமல் போக முடியவில்லை.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் லைன் பார்க்கிறேன். டெய்லராகச் சேர்ந்து சூப்பர்வைசர் ஆனவன். "சுரண்டல் ஊர்க்காரன் உழைப்பைப் பற்றிப் பாடம் எடுக்கிறான்" என்று எழுத வருபவர்கள் முழுதாகப் படித்துவிட்டு எழுதினால் நல்லது.

முதலாளியின் மகன் எம்.பி.ஏ. முடித்துவிட்டு வந்த புதிதில் 'மாதத்தின் சிறந்த டெய்லர்' என்று ஒன்றைக் கொண்டு வந்தார். யார் அதிக பீஸ் அடிக்கிறார்களோ அவர் போட்டோ கேன்டீன் சுவரில், கூடவே ஒரு ஹாட் பாக்ஸ். வேண்டாம் என்று அன்றே சொன்னேன். போலோ டி-ஷர்ட்டில் ஷோல்டர் ஜாயின்ட் அடிப்பதும், கழுத்துக்குக் கீழே பட்டன் வருகிற பட்டியை வைப்பதும் ஒன்றா? ஷோல்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓடும். பட்டி ஒரு நூல் விலகினாலும் செக்கிங்கில் திரும்பி வரும். பீஸ் எண்ணிக்கை என்று வந்துவிட்டால் பட்டிக்கு யார் உட்காருவார்கள்? சொன்னபடியே ஆனது. நல்ல கை உள்ளவர்கள் எல்லாம் "எனக்கு ஷோல்டர் குடுங்க அண்ணா" என்று வந்து நின்றார்கள்.

அதைவிட மோசம் இன்னொன்று. ஒடிசாவிலிருந்து வந்த பையன்களுக்கு ஓவர்லாக்கில், அதாவது துணி ஓரம் அடிக்கும் மெஷினில், நூல் அறுந்தால் திரும்பக் கோர்க்க வராது. ஊசிக்குக் கீழே நூலை வளைத்துக் கொடுக்கும் லூப்பரில் கோர்ப்பது பழகிய கைக்குத்தான் பிடிபடும். முன்பெல்லாம் பக்கத்து மெஷின் அக்காவே எழுந்து வந்து கோர்த்துவிட்டுப் போவார். ஸ்கீம் வந்த பிறகு ஒருவரும் எழவில்லை. பையன் கையைக் கட்டிக்கொண்டு மெக்கானிக்குக்காகக் காத்திருப்பான், அவனுக்கு அடுத்த மெஷின் பீஸ் வராமல் காயும். கடைசியில் போட்டோவில் இருந்த பெண்ணே என்னிடம் வந்து, "சாப்பிடற எடத்துல யாரும் பேச மாட்டேங்கறாங்க அண்ணா, அந்தப் போட்டோவ எடுத்துடச் சொல்லுங்க" என்றாள். பரிசு வாங்கியவளின் நிலைமையே இது.

இதற்கு மேல் ஊக்கம் பத்தவில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கோட் போட்ட பேச்சாளர் ஒருவரைக் கூட்டி வந்தார்கள். "நான் ஜெயிப்பேன்" என்று எல்லோரையும் கத்தச் சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அரை ஷிப்ட் கூடப் போடவில்லை. வாரத்தில் ஒரே நாள் துணி துவைத்து, கறி எடுத்துச் சமைத்து, பிள்ளைகளோடு இருக்கிற நாளைப் பிடுங்கிக்கொண்டு ஊக்கம் கொடுக்கிறார்களாம். கேள்விக்கு இது சம்பந்தமில்லைதான், இன்னும் ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்களிடம் பீஸ் ரேட் டெய்லர்கள், அதாவது அடித்த பீஸ் கணக்குக்குச் சம்பளம் வாங்குபவர்கள், ஆளுக்கு ஒரு சின்ன நோட்டு வைத்திருப்பார்கள். பண்டில் நம்பர், எத்தனை பீஸ், எந்த ஆப்பரேஷன், எல்லாம் அதில் இருக்கும். ஒரு சனிக்கிழமை சம்பளத்தில் ஓர் அக்காவுக்கு ஆறு டசன் விட்டுப்போயிருந்தது. காசாகப் பார்த்தால் நாற்பது ஐம்பது ரூபாய் வரும். கூட்டம் நிற்கிறதே என்று சின்ன முதலாளி நூறு ரூபாயை நீட்டி, "இத வெச்சுக்குங்க அக்கா, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றார். அக்கா வாங்கவில்லை. நோட்டைத் திறந்து விரலை வைத்து, "உங்க நூறு எனக்கெதுக்குங்க தம்பி? நான் அடிச்ச ஆறு டசன எழுதிக் குடுங்க" என்றார். எழுதிக் கொடுக்கும் வரை நகரவில்லை.

கேட்பவருக்கு வீம்பாகத் தெரியும். கூடவே மெஷினில் உட்கார்ந்தவனுக்கு அப்படித் தெரியாது. நான் செய்ததை நீ பார்த்தாயா, சரியாக எண்ணினாயா என்பதுதான் அங்கே வழக்கு.

அதற்குப் பிறகு பெரிய முதலாளியிடம் பேசி ஒரு வேலை செய்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலமே அந்த வாரக் கணக்கை ஒவ்வொருவருக்கும் காட்டிவிடுவது. நோட்டோடு ஒப்பிட்டு, விட்டது இருந்தால் அன்றே சேர்ப்பது. பட்டிக்கும் ஷோல்டருக்கும் ரேட் வித்தியாசத்தையும் டெய்லர்களை உட்கார வைத்துப் பேசித் திருத்தினோம். போட்டோ போனது, ஹாட் பாக்ஸும் போனது. லூப்பரில் நூல் கோர்க்க மறுபடியும் அக்காக்கள் எழ ஆரம்பித்தார்கள். திருப்பூரில் இருப்பவர்களுக்குத் தெரியும், தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்களில் எத்தனை பேர் திரும்பி வருகிறார்கள் என்பதுதான் கம்பெனிக்குப் பரீட்சை. எங்கள் லைனுக்கு ஆள் திரும்பி வந்தது. வேறு காரணங்களும் இருந்திருக்கலாம், முழுப் பெருமையையும் நான் எடுத்துக்கொள்ளவில்லை.

"அப்போ காசு முக்கியமில்லையா?" என்று உடனே கேட்பீர்கள். யார் சொன்னது? 1913இல் ஃபோர்டு கார் கம்பெனியில் ஆட்கள் வருவதும் ஓடுவதுமாக இருந்து, வருட விலகல் விகிதம் 370 சதவீதம் ஆனது. 1914 ஜனவரியில் எட்டு மணி நேர வேலைக்கு நாளுக்கு ஐந்து டாலர் என்று ஏறக்குறைய இரு மடங்காக்கினார்கள். வாசலில் கூட்டம் அலைமோதியது, சேர்ந்த ஆட்களும் ஓடாமல் நிலைத்தார்கள். வயிறு நிறையாதவனிடம் பாராட்டைக் கொண்டு போவது கேலி. (அதே ஃபோர்டு, தொழிலாளி ஒழுங்காகக் குடும்பம் நடத்துகிறாரா என்று வீட்டுக்கு ஆள் அனுப்பிப் பார்த்த பிறகுதான் முழுப் பணத்தையும் கொடுத்தது. அதை யாரும் மேடையில் சொல்வதில்லை.)

பரிசே கூடாது என்றும் சொல்லவில்லை. ஆந்திராவில் கிராமப்புற அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2005 முதல் ஒரு பெரிய சோதனை நடந்தது. பிள்ளைகளின் மதிப்பெண் உயர்வுக்கு ஏற்ப ஆசிரியர்களுக்கு வருடச் சம்பளத்தில் சுமார் 3 சதவீதம் அளவுக்கு போனஸ். பிள்ளைகள் கணக்கிலும் மொழியிலும் நன்றாகவே முன்னேறினார்கள். ஆனால் அது எப்படி அமைந்தது என்று பாருங்கள். 'மாவட்டத்தின் சிறந்த ஆசிரியர்' என்று ஒருவரை மட்டும் பொறுக்கவில்லை. தன் பிள்ளைகள் முன்பிருந்ததைவிட எவ்வளவு ஏறினார்கள் என்பதுதான் கணக்கு. பக்கத்து வகுப்பு ஆசிரியர் தோற்றால்தான் எனக்குக் கிடைக்கும் என்ற பேச்சே இல்லை. எங்கள் கேன்டீன் சுவருக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

பள்ளியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். தமிழ்நாட்டில் 2017இல் பொதுத்தேர்வு ரேங்க் பட்டியல் வெளியிடுவதை அரசு நிறுத்தியது. நல்ல காரியம். என் மகன் படிக்கிற பள்ளி மட்டும் ரிசல்ட் வந்த மறுநாளே மெயின் ரோட்டில் ஃப்ளெக்ஸ் கட்டிவிடும், நாலு முகத்தோடு. முப்பத்தைந்திலிருந்து அறுபதுக்கு ஏறிய பிள்ளைக்கு ஃப்ளெக்ஸில் இடம் கிடையாது. அந்த ஏற்றத்துக்கு எவ்வளவு உழைப்பு என்று கணக்கு வாத்தியாருக்காவது தெரிந்திருக்கும்.

சின்னப் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. 1973இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஆசையாகப் படம் வரைந்துகொண்டிருந்த நர்சரிக் குழந்தைகளில் சிலரிடம் "வரைந்தால் பரிசு" என்று முன்கூட்டியே சொன்னார்கள். பரிசு கிடைத்துச் சில நாள் கழித்துப் பார்த்தால், அந்தப் பிள்ளைகள் தானாகப் போய் வரைவது மற்றவர்களைவிடப் பாதியாகக் குறைந்திருந்தது. சொல்லாமல் கடைசியில் பரிசு கொடுத்த பிள்ளைகளிடம் அந்தக் குறைவு இல்லை.

என் மகன் இந்த வருடம் பத்தாவது. 450 எடுத்தால் கியர் சைக்கிள் என்று அவன் அம்மா சொல்லிவிட்டாள். நான் தடுக்கவில்லை. "மாமா பையனைவிட ஒரு மார்க்காவது கூட வாங்கணும்" என்று கூடவே ஒரு நிபந்தனை போட்டாள், அதை மட்டும் எடுக்க வைத்தேன். சைக்கிள் கடைக்காரர் விலை ஏறப்போகிறது என்கிறார், வேறு யாருக்காவது திருப்பூரில் நல்ல கடை தெரிந்தால் கீழே சொல்லுங்கள்.